ஏழு வீடுகள் இல்லாத தேவாலயம்

ஒல்லாந்து தேசத்தின் வடகரையில் ஹால்டர்வைக் என்றொரு துறைமுக நகரம். கட்டடங்களை மட்டுமே வரைகிற ஓவியர் ஒருவர் அங்கே இருந்தார். பெயர் மெக்டெல்ட். ஓவியர் சங்கத்தில் இடம் பெற்றிருந்த ஒரே பெண். ஆட்களை வரையத் தெரியாதா என்று யாராவது கேட்டால், "தெரியும். ஆனால் அவர்கள் அசைகிறார்கள்" என்பார்.

அவருடைய சீடன் யோரிஸ். சீடன் என்றாலும் குருவைவிட மூன்று வயது மூத்தவன். இருபது வருஷம் கொத்தனாராக இருந்தான். சாரம் சரிந்து இடுப்பு உடைந்த பிறகு கல் சுமக்க முடியவில்லை. கல்லை அடுக்கத் தெரிந்தவனுக்குக் கல்லை வரையவும் வரும் என்று நம்பி மெக்டெல்டிடம் வந்து சேர்ந்தான். வரவும் செய்தது.

ஒரு வசந்த காலத்தில் நகரசபையிலிருந்து உத்தரவு வந்தது. சபை மண்டபத்தில் மாட்டுவதற்குப் பெரிய தேவாலயத்தின் தெற்குப் பக்கத்தை வரைந்து தர வேண்டும்.

அந்தப் பக்கம் முழுசாகத் தெரியாது. தேவாலயச் சுவரைத் தாங்கி நிற்கும் கல்தூண்களுக்கு நடுவே ஏழு சிறிய வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கயிறு திரிப்பவர்கள் மூன்று தலைமுறையாக அங்கே குடியிருந்தார்கள். மூன்றாவது வீடு யோரிஸின் தங்கை ஆலைட்டுடையது. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அங்கேயே கயிறு திரித்துப் பிழைத்தாள். யோரிஸும் அந்த வீட்டின் பரணில்தான் படுத்துக்கொண்டிருந்தான்.

தூண் ஒன்றின் அடிப்பாகம் ஆலைட்டின் அடுப்படிக்குள் இருந்தது. அதில் ஆணி அடித்துச் சட்டிகளை மாட்டியிருந்தாள். கொத்தனாராக இருந்த காலத்தில் அந்தத் தூணைப் பழுதுபார்த்தவன் யோரிஸ். அடிக்கல்லைச் சுற்றி மூன்று வளையங்கள் செதுக்கியிருக்கும். கரி ஏறிக் கிடந்த அந்த வளையங்களை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும்.

அவன் குருவிடம் கேட்டான்.

"அம்மா, அந்த ஏழு வீடுகளையும் வரையாமல் விட்டுவிடலாமா?"

"ஏன்?"

"தூண்கள் மறைகின்றன. மற்ற ஓவியர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்."

மெக்டெல்ட் பெட்டியைத் திறந்து பழைய படங்களின் பிரதிகள் நான்கை எடுத்தார். முதல் தாளை மேசைமேல் வைத்தார். அதில் ஒரு துறவி நின்றார். அவர் உள்ளங்கையில் கோட்டையும் கோபுரமுமாக ஒரு நகரமே இருந்தது.

"ஊர் இவ்வளவு சின்னதா?" என்றான் யோரிஸ்.

"துறவி அவ்வளவு பெரியவர்."

இரண்டாவது தாளில் ஒரு வீடு. உள்ளே ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். தேவதூதன் எதிரே நின்றான். வீட்டுக்கு முன்சுவரே இல்லை.

கொத்தனாராக இருந்தவன் சிரித்துவிட்டான். "ஒரு காற்றுக்குத் தாங்காது இது."

"தாங்க வேண்டாம். உள்ளே யார் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும்."

மூன்றாவது தாளில் வானத்தை முட்டும் ஒரு தேவாலயம். தரையில் எறும்பு எறும்பாய்ச் சில மனிதர்கள்.

"இந்த ஆட்களைக் கட்டடம் வரைந்தவர் வரையவில்லை. வேறொருவரைக் கூப்பிட்டு ஒரு மத்தியானத்தில் போடச் சொன்னார். அளவு தெரிய வேண்டும் அல்லவா?"

நான்காவது தாளில் பளிங்கு பாவிய சதுக்கம். இருபுறமும் மாளிகைகள். எல்லாக் கோடுகளும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. ஒரு நாய்கூட இல்லை.

யோரிஸ் அதையே வெகுநேரம் பார்த்தான். "என்ன ஒரு அழகு!" என்றான். பிறகு, "இங்கே இருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?" என்று கேட்டான்.

"இதை வரைந்தவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை."

மெக்டெல்ட் தாள்களை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

"வீடுகளை விட்டுவிடு. அதற்கு முன் உன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேள்."

யோரிஸ் அன்று மாலை வீட்டுக்குப் போனான். ஆலைட் இடுப்பில் சணலைச் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்து திரித்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணா, முழிக்கிற முழி சரியில்லையே?" என்றாள். "பசிக்கிறது" என்றான். சாப்பிட்டுவிட்டுப் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மெக்டெல்ட் கேட்டார்.

"கேட்டாயா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"சிரித்தாள்."

மெக்டெல்ட் அவன் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

படம் முடிய ஐந்து மாதம் ஆனது. ஏழு தூண்களின் அடிப்பாகத்தையும் யோரிஸே வரைந்தான். மூன்று வளையங்களும் வெயிலில் பளிச்சென்று நின்றன. அந்த ஊரில் கட்டடம் வரைகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தின் ஓரத்தில் குரு தன் பெயரையும் தேதியையும் போட்டு, 'உள்ளது உள்ளபடி' என்று எழுத வேண்டும். எழுதாத படத்தைச் சங்கம் வெளியே விடாது. மெக்டெல்ட் சிறிய தூரிகையை எடுத்தார். எழுதினார்.

சபை மண்டபத்தில் ஜன்னலை ஒட்டிப் படத்தை மாட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே அசல் தேவாலயம். வருகிற விருந்தாளிகள் படத்தைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். "இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்றார் ஒரு விருந்தாளி. சபையின் மூத்தவருக்கு முகம் சிவந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்து, 'தேவாலயச் சுவரோரம் சேர்ந்துள்ள குப்பைகளை அகற்றுதல்' என்று ஓர் உத்தரவு போட்டார்கள். அகற்ற ஒன்றரை நாள் பிடித்தது.

ஆலைட் சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு சதுக்கத்தில் நின்றாள். யோரிஸ் பக்கத்தில் போனான்.

"வாங்கண்ணா, வாங்க" என்றாள். "கடப்பாரைக்காரர்களுக்கே ஒன்றரை நாள் ஆனது. நீங்கள் ஒரு தூரிகையை வைத்துக்கொண்டு எப்போதோ முடித்துவிட்டீர்களாமே? ஊரே சொல்கிறது."

பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றே பேசியவள். அன்றுதான் மரியாதை கொடுத்தாள்.

சபையின் வேலைக்காக வீட்டை இழந்தவர்களுக்குக் கால்வாய்க்கு அப்பால் தர்ம வீடு ஒன்று தருவது ஹால்டர்வைக்கின் பழைய விதி. ஏழு குடும்பங்களும் சபை மண்டபத்தில் இருந்த எழுத்தரிடம் போயின. ஆலைட்டோடு யோரிஸும் போனான்.

எழுத்தர் நல்ல மனிதர். எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"வீடு இருந்ததற்குப் பத்திரம் வேண்டும்."

"மூன்று தலைமுறைக்கு முன்னால் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் ஐயா" என்றாள் ஆலைட். "உங்களுக்கே தெரியும். எங்களிடம் கயிறு வாங்கியிருக்கிறீர்கள்."

"வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது பதிவேட்டில் இல்லையே அம்மா. உத்தரவிலும் குப்பை என்றுதான் இருக்கிறது. அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று சபையிடம் இருப்பது ஒரே சாட்சி." எழுத்தர் பேனாவால் படத்தைக் காட்டினார்.

ஆலைட் எழுந்து கிட்டப் போனாள். முதல் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தாள். மூன்றாவது தூணின் அருகே விரலை வைத்தாள்.

"இங்கேதான் தூங்குவோம்" என்றாள்.

"தொடாதீர்கள்" என்றார் எழுத்தர்.

"தூணில் அடுப்புக்கரி இருக்கிறது. வந்து பாருங்கள்" என்றான் யோரிஸ்.

"இருந்தது. போன வாரம் தேய்த்துக் கழுவச் சொல்லிவிட்டோம். படத்தில் உள்ள மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?"

யோரிஸ் குருவிடம் ஓடினான். நடந்ததைச் சொன்னான். மெக்டெல்ட் மேலங்கியை மாட்டிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"அங்கே ஏழு வீடுகள் இருந்தன. இந்தப் படம் பொய்" என்றார்.

"உள்ளது உள்ளபடி என்று எழுதியது யார்?" என்றார் எழுத்தர்.

"நான்தான்."

"அப்படியானால் அன்று பொய் சொன்னீர்களா, இன்று சொல்கிறீர்களா?"

"அன்று."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்று நீங்கள் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது. இவள் உங்கள் சீடனின் தங்கை. அன்று பொய் சொல்ல உங்களுக்கு ஒரு காரணமும் இல்லையே. நான் எதை நம்புவது?"

மனு தள்ளுபடியானது.

மெக்டெல்ட் சொன்னதை நகரசபை நம்பவில்லை. ஓவியர் சங்கம் நம்பியது. பொய்யாகக் கையெழுத்திட்டதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார் என்று அதே வாரம் அவர் பெயரை நீக்கியது. படத்தை யாரும் இறக்கவில்லை.

ஏழு குடும்பங்களும் ஏழு திசையில் போயின. ஆலைட் சரக்குப் படகில் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனாள். அங்கே அநாதைகளையும் விதவைகளையும் வைத்து நூல் நூற்க வைக்கும் விடுதி ஒன்று இருந்தது. யோரிஸ் கரையில் நின்றான். பெண்கள் இருவரும் கையசைத்தார்கள். ஆலைட் அசைக்கவில்லை.

துறையிலிருந்து அவன் நேராகப் பட்டறைக்கு வந்தான். மெக்டெல்ட் வண்ணக் கிண்ணங்களைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் பட்டறையைச் சங்கத்துக்குக் காலி செய்துகொடுக்க வேண்டும்.

"அம்மா, அன்று தங்கையிடம் கேட்டேன் என்று சொன்னது பொய்."

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"நீ சொன்னபோதே. வீட்டை இல்லாமல் ஆக்கட்டுமா என்று கேட்டால் எவளும் சிரிக்க மாட்டாள்."

யோரிஸ் கிட்டே வந்தான்.

"தெரிந்துமா கையெழுத்துப் போட்டீர்கள்?"

மெக்டெல்ட் கையிலிருந்த கிண்ணத்தைத் துடைத்து முடித்தார்.

"தூண்கள் நன்றாக வந்திருந்தன."