கரையாத கோப்பைகள்

தனபாக்கியம் மண் பிசைந்துகொண்டிருந்தாள். உள்ளங்கையால் அமுக்கி, உருட்டி, திருப்பிப் போட்டு, மறுபடி அமுக்கி. கை மண்ணில் இருந்தது. கண் வாசல் படலில் இருந்தது.

"அக்கா, மண்ணைப் பாத்துப் பிசைங்க" என்றாள் அஞ்சலாட்சி.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"படலையில்ல பாக்கறீங்க. அது என்ன, ஓடியா போவப்போவுது?"

அஞ்சலாட்சி அவளுக்குக் குரு. தனபாக்கியத்தின் மகனைவிடச் சின்னவள், கைக்குழந்தைக்காரி. அவள் கொட்டகையில் கரண்டில் சுற்றும் சக்கரம் ஒன்று, கேஸ் சூளை ஒன்று, விட்டத்தில் ஒரு தூளி. கோடை பிறந்தால் டவுனிலிருந்து பெண்கள் பீங்கான் வேலை கற்றுக்கொள்ள வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சந்தையில் கோப்பை, தட்டு, ஊறுகாய் ஜாடி விற்பாள். வகுப்புக்கு வருகிறவர்கள் "மேடம்" என்று கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். தனபாக்கியம் மட்டும் "குருவம்மா" என்பாள். அதில் பாதி கிண்டல், பாதி நிஜம்.

தனபாக்கியம் வேலை கற்க வந்தவள் இல்லை. கோபித்துக்கொண்டு வந்தவள்.

சித்திரையில் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. அவள் நொய்க்கஞ்சி காய்ச்சி, ஆற்றி, கிண்ணத்தில் கொண்டுபோனாள். மருமகள் சுகன்யா அதை வாங்கிய கையோடு பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் கொட்டினாள். "டாக்டர் சொன்னதைத்தான் குடுப்பேன்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அன்று சாயங்காலமே தனபாக்கியம் பையை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே சும்மா உட்கார முடியவில்லை. பக்கத்துக் கொட்டகையில் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

இப்போது வருகிற வெள்ளிக்கிழமை பேரனுக்குக் காது குத்து. மகன் ஏழுமலை தினமும் போன் போடுகிறான். காலையில் "வர்றேன்டா" என்பாள். சாயங்காலம் அவளே கூப்பிட்டு "வரலடா" என்பாள்.

அன்றைக்கும் போன் வந்தது. மண் கையோடு காதில் வைத்தாள்.

"உன் பொண்டாட்டிய வரச் சொல்லு. வெத்தலை பாக்கு, பூ, பழம், எல்லாம் தட்டுல வச்சிக் கூப்பிடட்டும். அப்புறம் பாக்கலாம்."

"உன் பேரனுக்குக் காது குத்த உனக்கே தட்டாம்மா? ஊரே சிரிக்கும்."

"நான் அந்த வீட்டு மனுஷின்னா எதுக்குடா தட்டு? வெளியாளுன்னா தட்டோட வரட்டும்."

போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு, அவன் திரும்பப் போடுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். போன் பூராவும் மண்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றித் தருவது அவள் வேலை. ஒரு பெண் நீலக் கோப்பையை எடுத்துப் பார்த்தாள்.

"எடுத்துக்கம்மா, நல்லா இருக்கும். இதுல கஞ்சிகூடக் குடிக்கலாம்" என்றாள் தனபாக்கியம். கஞ்சி என்று வாயில் வந்ததும் நிறுத்த முடியவில்லை. நொய்யை வறுத்ததிலிருந்து தொட்டியில் கொட்டினது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள். பிறகு கோப்பையை மெல்ல இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "ஒரு சுத்து சுத்திட்டு வர்றேம்மா" என்று போனாள். போனவள் போனவள்தான். அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதை நடந்தது.

வெயில் தாழ்ந்ததும் அஞ்சலாட்சி மீந்ததைப் பெட்டியில் அடுக்கினாள். நிறைய மீந்திருந்தது.

"ஏன் குருவம்மா, இன்னைக்கு யாவாரமே இல்ல?"

"கோப்பைதான் போவலக்கா. கஞ்சி நல்லாப் போச்சு."

தனபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தாள்.

அந்த வாரம் மண் தீர்ந்துபோனது. புது மண் வண்டி வர நாளாகும். கொட்டகை மூலையில், சூளைக்குப் போகாமலே கோணிப்போன கோப்பைகள், பிடி விரிசல் விட்ட கோப்பைகள் ஒரு கூடை கிடந்தன. சுடாத மண்ணை வீணாக்குவது அங்கே வழக்கமில்லை. தண்ணீரில் ஊறப்போட்டால் திரும்பவும் பிசைகிற மண்ணாகிவிடும்.

"தகரத்து மேல நல்லாக் காயவச்சி, அப்புறம் ஊறப்போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கிளம்பினாள்.

தண்ணியில போடப்போறதை எதுக்குக் காயவைக்கணும்? தனபாக்கியம் பெரிய வாளியில் தண்ணீர் பிடித்தாள். சக்கரத்திலிருந்து இறக்கி ஈரம் போகாமல் இன்னும் ஜில்லென்று இருந்த கோப்பைகளை அப்படியே உள்ளே தள்ளினாள். கட்டையால் குத்தினாள். கையை விட்டுக் கலக்கினாள். ஒரு வேலை முடிந்ததென்று போனை எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் வகுப்பில், கண்ணாடி போட்ட ஒரு பெண் மண் எடுக்க வாளிக்குள் கையை விட்டாள்.

"என்னம்மா இது, உருண்டைக் குழம்பா வச்சிருக்கீங்க?"

கொட்டகையே சிரித்தது. தூளியில் தூங்கின குழந்தை எழுந்து அழுதது. தனபாக்கியம் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

எல்லாரும் போன பிறகு குருவிடம் வந்து நின்றாள்.

"அந்த வாளிய விடு. எனக்கு ஒண்ணு சொல்லு."

"என்னக்கா?"

"ஒக்காந்தா நிக்கணும்போல இருக்கு. நின்னா எங்கயாச்சும் போவணும்போல இருக்கு. சோறு எறங்கல. நீ குருதானே? சொல்லு. வெள்ளிக்கிழமை நான் போவட்டுமா, வேணாமா?"

அஞ்சலாட்சி எழுந்து வெளியே போனாள். தகரக் கூரையின் மேல் என்றைக்கோ வைத்து மறந்த கோணல் கோப்பை ஒன்று கிடந்தது. வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி இருந்தது. வேறொரு வாளியில் தண்ணீர் பிடித்து அதற்குள் விட்டாள்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். குமிழ் குமிழாகக் கிளம்பியது. விளிம்பு உதிர்ந்தது. பிடி கழன்று விழுந்தது. டீயில் போட்ட பொறை ரொட்டி மாதிரி, யார் கையும் படாமல் சுற்றுச்சுவர் மெல்லச் சரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் சேறாகப் படிந்துவிட்டது.

தனபாக்கியம் தன் வாளிக்குள் கையை விட்டு ஒரு கோப்பையை வெளியே எடுத்தாள். நேற்றிலிருந்து தண்ணீரில் கிடந்தது. விளிம்பு இருந்தது. பிடி இருந்தது. மேலே மட்டும் கொஞ்சம் வழுவழுப்பு.

"ரெண்டும் ஒரே மண்ணுதானே?"

"ஒரே மண்ணுதான்."

"பின்ன இது ஏன் கரையல?"

"அதுக்குள்ள பழைய தண்ணி இருக்கு. அது புதுத் தண்ணிய உள்ள விடாது."

தனபாக்கியம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"கரைஞ்சு சேறாப் போறதுதான் ஒசத்தியா? இது எப்படி நிக்குது பாரு. எத்தனை குத்து குத்தினேன், மசியல."

"நிக்குதுக்கா. ஆனா கோப்பையாவும் ஆகல, மண்ணாவும் ஆகல."

தனபாக்கியம் கோப்பையைத் திரும்ப வாளிக்குள் போட்டாள். "உன் மாமியாகிட்டப் போய் இதையெல்லாம் சொல்லு" என்றாள்.

"எங்க மாமியாதாங்கக்கா ஏற்கெனவே கரைச்சுக் குடிச்சவங்க" என்றாள் அஞ்சலாட்சி. ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் தனபாக்கியம் வாளியிலிருந்த கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தட்டிப் பிட்டு, தகரத்தின் மேல் பரப்பினாள். அக்னி நட்சத்திர வெயில். நாய்கூடத் தெருவில் இல்லை. அவள் கொஞ்சம் மண் பிசைவாள், தண்ணீரில் கை நனைப்பாள், முக்காலியில் ஏறித் தகரத்தைத் தடவுவாள், திருப்பிப் போடுவாள், இறங்குவாள். மறுபடி ஏறுவாள்.

மத்தியானத்துக்கு, அஞ்சலாட்சி கொடியில் போட்ட குழந்தைத் துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. மண் மட்டும் காயவில்லை.

"இந்த வெயிலுக்கும் காயலன்னா மண்ணுலதான் கோளாறு. மட்ட மண்ணு வாங்கிட்ட நீ."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"பாக்காம? காலையிலேருந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இங்க என்ன வேலை ஓடுது எனக்கு?"

அஞ்சலாட்சி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குப் போனாள்.

தனபாக்கியம் ஈரக் கையைப் பார்த்தாள், பிறகு தகரத்தைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஏழுமலைக்கு அவள் போன் போடவில்லை. வர்றேன் என்றும் சொல்லவில்லை, வரல என்றும் சொல்லவில்லை. படுத்தால் கஞ்சிக் கிண்ணம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

வியாழக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அஞ்சலாட்சி சக்கரத்தில் ஒரு ஜாடிக்குக் கழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பேர். கண்ணாடிக்காரி தனபாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, சேற்று வாளியில் கைவிட்டபடி பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்கு இந்த ஊர்தானாம்மா?"

"எனக்கு எங்க ஊரு? மகன் வீடு இருந்துச்சு. வந்துட்டேன்."

"ஏம்மா?"

தனபாக்கியம் சொல்ல வேண்டாமென்றுதான் நினைத்தாள். ஆனால் முடியவில்லை.

"மருமகதான். கொழந்தைக்குக் காய்ச்சல்னு நொய்யை வறுத்து, சீரகம் தட்டிப் போட்டு, அடுப்புகிட்டயே நின்னு கஞ்சி காய்ச்சி எடுத்துட்டுப் போறேன். அவ என்ன பண்ணா தெரியுமா? அந்தக் கஞ்சிய வாங்கி..."

"அத்தே!"

படலுக்கு வெளியே சுகன்யா நின்றாள். பஸ்ஸில் வந்த தலை கலைந்திருந்தது. மேல் துணியெல்லாம் வியர்வை. இடுப்பில் குழந்தை. இன்னொரு கையில் வார் அறுந்த செருப்பு. தார் ரோட்டில் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

தனபாக்கியத்தின் கண் அவள் கைக்குத்தான் போனது. தட்டு இல்லை.

சுகன்யாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"தட்டெல்லாம் எடுத்துட்டு வரலத்தே. இந்த வெயில்ல இவனைத் தூக்கிட்டு வரவே கை பத்தல. வர்றதுன்னா வாங்க, நாலு மணி பஸ்ஸுக்குப் போயிடலாம்."

வகுப்புப் பெண்கள் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சக்கரம் மட்டும் சுற்றியது.

தனபாக்கியம் எழுந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. முகம் சிவந்திருந்தது. ஒரு அடி வைத்தாள், நின்றாள், குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

அஞ்சலாட்சி ஜாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையைத் தொடச்சிட்டுப் போங்கக்கா" என்றாள்.

தனபாக்கியம் கொடியிலிருந்த துண்டை உருவினாள். முதலில் முழங்கை, பிறகு மணிக்கட்டு, பிறகு விரல் விரலாக.

கண்ணாடிக்காரிக்கு வந்தது யாரென்று விளங்கவில்லை. தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கஞ்சிய வாங்கி? வாங்கி என்னம்மா பண்ணா?"

தனபாக்கியம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.