ஜும்ஆ நேரத்து மதகு

குறுக்கே விழாமல் கேளுங்கள். தீர்ப்புச் சொல்ல எல்லாருக்கும் அவசரம் இருக்கிறது, கேட்டு முடிக்கத்தான் பொறுமையில்லை.

போர்க்காலம். கிழக்கே ஒரு குளம். ஒரு பக்கம் பனிச்சமுனை என்ற தமிழூர், மறுபக்கம் மஸ்தான்குடி என்ற முஸ்லிம் ஊர். நடுவில் சோதனைச் சாவடி. ஆண்கள் ஒருவரையொருவர் கண்டால் காறித் துப்பினார்கள். பெண்கள் மட்டும் வியாழக்கிழமை தோறும் மாதா கோயில் மண்டபத்தில் கூடினார்கள். "எந்தச் சிறுக்கி கூட்டுகிறாள் இந்தச் சபையை?" என்று இரண்டு ஊர் ஆண்களும் கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை.

சபைக்கு இரண்டு சட்டம். இங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒருத்தி பேசினால், மற்றவள் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவள் "ஓம், அதுதான்" என்ற பிறகே பதில் பேசலாம்.

ஒரு வியாழன், பனிச்சமுனை நேசமலர் எழுந்தாள்.

"நாளைக்கு ஜும்ஆ நேரம் எங்கட ஆக்கள் மதகுக் கதவைப் பிடுங்கப் போறாங்க. முன்னுக்கு நிக்கிறது என்ட மனுசன். நான் சொல்லிக் கேக்கல்ல. நான் தனிய என்ன செய்ய?"

மதகடியில் இருந்தது மஸ்தான்குடியின் வயல். நெல் அறுவடைக்கு நின்றது. கதவு போனால் ஊருக்கே ஒரு வருடச் சோறு போகும். வெள்ளித் தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலில் இருக்கும் நேரம் அது. வயற்குடிசையில் சபூறாவின் மாமனார் மட்டும், நடக்க முடியாத மனிதர், காவல் இருப்பார்.

மஸ்தான்குடி சபூறா பதறிப்போய் முதலில் திருப்பிச் சொன்னாள்: "எங்கட மாமா வெள்ளத்துல போயிருவார். அதுதானே?"

"இல்ல தங்கச்சி."

மண்டபச் சாவியை வைத்திருந்த ஜெசிந்தா சொன்னாள்: "ஒரு ஊர்ட நெல்லு அழியப்போகுது. அதுதானே?"

"அதுவும்தான். ஆனா நான் சொன்னது அதில்ல."

மஸ்தான்குடி றைஹானத், வாய் ஓயாதவள், அன்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "நீங்க தடுக்கப் போறீங்க. பக்கத்துல ஒராள் வேணும்."

"ஓம். அதுதான்."

மறுநாள் காலையிலேயே சபூறா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். "மாமா, மீனாணம் ஆக்கியிருக்கன், வாங்க" என்று கிழவரை ஏற்றிவந்து வீட்டுக் கதவைச் சாத்தினாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜெசிந்தா நேரே பள்ளிவாசல் தலைவர் காசிம் மரைக்காரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். 'வாக்கை அவித்தா தின்பது?' என்பது அவள் கட்சி.

றைஹானத் ஒருவரிடமும் சொல்லாமல் மதகுக்கு நடந்தாள். நேசமலர் கதவின் மேல் ஏறிக் குந்தியிருந்தாள்.

"பயமில்லையா தங்கச்சி?"

"பயமில்லாம? கொஞ்சம் தள்ளுங்கக்கா."

நேசமலரின் கணவர் வேலாப்போடி, கதவை நெம்ப அலவாங்கு தூக்கிய ஆட்களோடு வந்து சேர்ந்தார். "எழும்புடி!"

"பிடுங்குங்க. நாங்க கதவோட போறம்."

அதற்குள் மரைக்கார், ஜும்ஆவுக்குப் போகாமல், தடி பிடித்த கூட்டத்தோடு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். வேலாப்போடிக்கு முகம் கறுத்தது. "இவனுகளுக்குச் சொன்னது ஆரு?"

நேசமலருக்கே அது தெரியாது. ஆனாலும், "வாய் திறந்தது நான்தான்" என்றாள். வேலாப்போடியின் அலவாங்கு உயர்ந்தது.

றைஹானத் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் ஊர்க்காரர் பக்கம் திரும்பினாள். "மரைக்கார், இவர் ஏன் வந்தார் எண்டு ஒருக்காக் கேட்டீங்களா? கேளுங்க. கேட்டுட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"பொம்புள, நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"நீங்க படிக்காததாலதான் எடுக்கன்."

இரண்டு பக்கத்திலும் யாரோ சிரித்துவிட்டார்கள். வேலாப்போடி கத்தினார்: "போன போகம் மதகை அடைச்சு வச்சீங்க. எங்கட வயல் கருகிச்சு. இந்தப் போகம் விதைக்க நெல்லே இல்ல!"

றைஹானத் மரைக்காரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாங்க அடைச்சம்" என்றார் மரைக்கார் கடைசியில். "உங்கட வயல் கருகிச்சு."

"ஓம்" என்றார் வேலாப்போடி. அலவாங்கு மெல்ல இறங்கியது.

அன்று நெல் பிழைத்தது. சபூறா வாக்கைக் காத்து ஓர் உயிரை மீட்டாள். ஜெசிந்தா வாக்கை உடைத்தாள். ஆனால் மரைக்கார் வந்திராவிட்டால் அந்தப் பேச்சே நடந்திராது. றைஹானத் வாக்கைக் காத்தாள். கூடவே, இரண்டு பெண்கள் குந்தினால் போதும் என்று ஊர்ச் சோற்றையும், கிழவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அறியாமலே அவர் உயிரையும் பணயம் வைத்தாள்.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் சரியாக நடந்தவள் யார்?

விடை: றைஹானத். சபூறா தன் வீட்டை மீட்டுக் கதவைச் சாத்தினாள்; அது குற்றமில்லை, ஆனால் போதாது. ஜெசிந்தா அழைத்து வந்தது தடிகளை. அதற்கான முதல் அடி நேசமலர் தலையில் விழப் பார்த்தது. நல்லபடி முடிந்தது ஜெசிந்தாவின் கெட்டித்தனத்தால் அல்ல. மூவரும் கேட்டது ஒரே பேச்சு. இருவர் அதில் தங்களுக்குப் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்திதான் பேசியவளிடம் போனாள். நெல் போயிருந்தால் என்ன சொல்வாய் என்று என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். போயிருந்தாலும் என் விடை இதுதான்.