மிச்சமிருந்த வெள்ளைப் பூ

"சின்னவன் வருவானா சாமி?"

கேட்டுக்கொண்டேதான் அஞ்சலையம்மாள் குடிசைக்குள் நுழைந்தாள். அதைக் கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது. வரத்தான் போகிறான், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்கிற தோரணை.

நீலகண்ட சாமிக்கு அவளுடைய மூத்த மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் சவுக்குத் தோப்பில் அவர் குடிசை போட்ட நாள் முதல் அவள்தான் சிஷ்யை. அவள் வீட்டாரைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருப்பவரிடம் யார் போவார்கள்?

புயலுக்கு முந்தின நாள் அவள் பிள்ளைகள் இருவரும் ஒரே படகில் கடலுக்குப் போனார்கள். இன்று காலை பெரியவன் தேசிங்கு பிணமாகக் கரை ஒதுங்கினான். சின்னவன் மாசிலாமணியைக் காணவில்லை.

தகப்பன் இல்லாத வீடு. அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும், அவன் வரும்வரை யாரும் தூக்கக் கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஊரே மணலில் காத்துக் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எதை வெச்சு வருவான்கிறீங்க தாயே?"

"மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்துச்சு."

"அந்தப் பூ எங்க பூத்துச்சு?"

"கோயில் நந்தவனத்துல."

"கடலைப் பாத்திருக்குமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் விடவில்லை. மடியை அவிழ்த்து இரண்டு இலைப் பொட்டலங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அந்த ஊரில் எதற்கும் இப்படித்தான். ஒன்றில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் நல்லது நடக்கும்.

"சரி சாமி, இதைப் பாருங்க. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை. சிவப்பைக் கடல் எடுத்துக்கிடுச்சு. அப்ப மிச்சம் என்ன? வெள்ளைதானே? வேற எப்படி இருக்க முடியும்?"

சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"இதுல வெள்ளைப் பூவை வெச்சது யாரு?"

"நான்தான்."

"கடல்ல யாரு வெச்சா?"

சாமி பொட்டலங்களைப் பிரித்தார். இரண்டு பூவையும் ஒரே இலையில் வைத்து, தண்ணீர்ப் பானையில் மிதக்கவிட்டார். ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தார். இந்தக் குடிசைக்குக் கீற்று முடைந்து போட்டதே அந்தப் பிள்ளைகள்தான்.

ஒற்றை விரலால் இலையை அமுக்கினார்.

"சிவப்பு நனைஞ்சிருச்சா தாயே?"

"நனைஞ்சிருச்சு."

"அதனால வெள்ளை நனையாம இருக்கா?"

அவள் பானைக்குள் கையை விட்டாள். வெள்ளைப் பூவை எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இதழ்தான் கிழிந்தது. அழுகை வரவில்லை.

"அவனும் போயிட்டான்கிறீங்களா?"

"தெரியாது தாயே."

இந்த மனுஷன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. ஒரே ஒரு பொய். அவரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

தோப்புக்கு வெளியே யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இனிமேல் தாங்காது, தூக்கியாக வேண்டும் என்றார்கள்.

அவள் கிழிந்த பூவை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"கொள்ளியை நானே வெச்சுடறேன் சாமி. எங்க வீட்டுல அடுப்பு பத்தவைக்கல. ஒங்க அடுப்புல நெருப்பு இருக்கா?"