காய்ந்தே சுற்ற வேண்டிய சீல்

பம்பு கம்பெனியில் சீலுக்கு வரைபடம் வரைகிறவள் குமுதவல்லி. தண்டு சுழலும்போது அதன் இடுக்கு வழியே தண்ணீர் பீறிடாமல் அடைக்கும் வளையம்தான் அந்த சீல்.

ஒருநாள் சர்க்கரை ஆலை மேலாளர் பத்மநாபன் வந்து நாற்காலியில் சாய்ந்தார். "சீல் ஒழுகவும் கூடாது, தண்டுக்கும் சீலுக்கும் நடுவுல எண்ணெய், தண்ணின்னு எந்த ஈரமும் கூடாது. காய்ஞ்சே சுத்தணும். முடியாதுன்னா ஆர்டர் வேற கம்பெனிக்கு."

"காய்ஞ்சா உரசித் தீஞ்சுபோகும் சார்" என்றாள் குமுதவல்லி.

"எனக்கே பாடமா?" என்று சீறினார் அவர். பக்கத்தில் நின்ற பம்பு கம்பெனி முதலாளி பதறிப்போய், "வரைஞ்சு குடும்மா, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய், தட்டு நிறையப் பொட்டுக்கடலை மாவு கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிட்டுக்கிட்டே நிபந்தனையை இன்னொரு தடவை சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."

மேலாளர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். "ஒழு..." என்று தொடங்கியதுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் பிதுங்கத் தண்ணீர் கேட்டுக் கையைக் காட்டினார்.

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "நாக்கு புரளவே நடுவுல ஈரம் வேண்டியிருக்கு. நாள் முழுக்கச் சுத்துற தண்டுக்கு வேண்டாமா சார்?"

அவர் வேகவேகமாகத் தலையாட்டினார். சொம்பு கைக்கு வந்தது. குடித்து, இருமி முடித்தவர் முதலாளியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்மா, வரைஞ்சுடு."