இன்றைக்கு ஈரப்பதம் அதிகம்

முனைவர் பட்டம் வாங்கி முடித்து, அதற்கு மேலும் ஆய்வு செய்வதற்காக ஒரு பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தான் குமரகுருபரன். சேர்ந்த முதல் நாளே ஒரு தப்பு செய்தான். தலையை ஆட்டினான்.

மண்ணுக்குள் கிடக்கும் பழைய நெல்லையும் விதையையும் ஆராய்கிற கூடம் அது. அதன் பேராசிரியர் ஜெயசீலி அவனைவிட இரண்டு வயது இளையவர். மூலையறையில் இருந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கியைக் காட்டி, "இதெல்லாம் ஓட்டிப் பழக்கம் இருக்கும்ல?" என்று கேட்டார்.

அவனுடைய ஆய்வேட்டில் அந்த மாதிரி மெஷினில் எடுத்த படங்கள் நாற்பத்திரண்டு. ஆனால் பழைய இடத்தில் அதை ஓட்ட ஓர் ஆபரேட்டர் இருந்தார். இவன் விதை டப்பாவைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தலை ஆடிவிட்டது.

மறுநாள் அந்த அறைக் கதவில் 'பொறுப்பு: டாக்டர் குமரகுருபரன்' என்று ஒட்டியாயிற்று. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்.

"இன்னிக்கு ஈரப்பதம் அதிகம். மெஷினுக்கு ஆகாது."

அது மே மாதம். கத்திரி வெயிலில் வளாகத்துக் காக்கைகள்கூட நிழலை விட்டு வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் மாணவி ரஹ்மத்நிஷா வந்து நின்றாள். கையில் ஒரு குட்டி டப்பா. அதற்குள் பஞ்சின் மேல் ஒரு கருகிய நெல்மணி. இரண்டு வருஷம் குழி தோண்டியதில் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"சார், பதினோரு மணிக்கு இதைப் பார்த்துடலாமா? மேடம் சரின்னுட்டாங்க. மெஷினுக்குள்ள காத்தை மட்டும் அவசரப்பட்டுத் திறந்துவிட்டா நெல்லு தூளாயிடும். நீங்க இருக்கறதால பயமில்ல."

குமரகுருபரன் நேரே பேராசிரியர் அறைக்குப் போனான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்குக் கடைசித் தேதின்னு ஏதாவது இருக்கா மேடம்?"

ஜெயசீலி அவனைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது. எழுந்து நடந்தார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனான்.

மூலையறையில் நிஷா டப்பாவோடு காத்திருந்தாள். பேராசிரியர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"நிஷா, இதை எங்கம்மா ஆன் பண்றது?"

மேடம் விளையாடுகிறார் என்று நினைத்து நிஷா சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை.

"நெஜமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியாது."

குமரகுருபரனுக்குக் காது சுட்டது. அவமானம்தான். ஆனால் அந்த நெல்மணியைப் பார்க்கப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது.

"எனக்கும் தெரியாது," என்றான்.

"சார்!"

"ஈரப்பதமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

நிஷா டப்பாவை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் சார். போன வருஷம் மேடம் வெளியூர்ல இருந்தப்ப கம்பெனி இன்ஜினியர் வந்து ஒரு வாரம் சொல்லிக்குடுத்தார். நீங்க பெரிய எக்ஸ்பர்ட்டுன்னாங்க. உங்க முன்னாடி போய் எனக்குத் தெரியும்னு எப்படி சார் சொல்றது?"

பதினோரு மணிக்கு அவள்தான் பட்டனை அழுத்தினாள். முனைவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டரைக்குத் திரையில் நெல்மணி வந்தது, உமியின் வரிகளோடு, துளியும் உடையாமல். நிஷா அழுதேவிட்டாள். குமரகுருபரனுக்கும் கண் கலங்கிப் போயிற்று.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்.

"மேடம், நீங்க எனக்காகத்தானே தெரியாதுன்னு சொன்னீங்க?"

ஜெயசீலி கதவில் இருந்த காகிதத்தை உரித்து அவன் கையில் கொடுத்தார்.

"மெஷின் வந்து ஆறு வருஷம் ஆச்சு. நான் வோல்டேஜ் சரியில்லைன்னு சொல்லுவேன். இன்னிக்குத்தான் துணைக்கு ஆள் கிடைச்சுது."