கால் மூடிய பலாசோ

"டீச்சர், எங்க வீட்டுல பேய் தைக்குது."

தையல் வகுப்பின் வாசலிலேயே நின்று இதைச் சொன்னாள் கற்பகவல்லி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஜெய்தூன் டீச்சர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். கற்பகவல்லியைவிட வயதில் சின்னவள். எதற்கும் பதறுகிற ஆள் கிடையாது. பேயே நேரில் வந்து நின்றாலும், இடுப்பு அளவு என்ன என்றுதான் கேட்பாள்.

"என்ன தைக்குது?"

கற்பகவல்லி பையிலிருந்து ஒரு பலாசோ பேண்ட்டை எடுத்து மேசையில் போட்டாள். கிளிப்பச்சை நிறம். பாவாடை மாதிரி அகலமான கால்கள். தங்கை தேன்மொழிக்காக வீட்டிலேயே தைத்தது. அவள் வெள்ளிக்கிழமை மஸ்கட் கிளம்புகிறாள், நர்ஸ் வேலைக்கு. விமானத்தில் உட்கார வசதியாக இருக்கட்டும் என்று அக்காவின் பரிசு.

"கீழே பாருங்க டீச்சர்."

இரண்டு காலின் அடிப்பக்கமும் மூடித் தைக்கப்பட்டிருந்தது. கைத்தையல். நெருக்கமாக, ஓர் இழைகூடப் பிசகாமல். கால் உள்ளே போகும். வெளியே வர வழியில்லை.

"தினமும் சாயந்தரம் பிரிச்சு, ஓரம் மடிச்சு வைக்கிறேன். விடிஞ்சு பார்த்தா இப்படி மூடிக் கிடக்கு. ஊசி டப்பாவை பீரோவுல வச்சுப் பூட்டினேன். அப்பவும் மூடிடுச்சு."

"சாவி?"

"என் இடுப்புலதான் இருந்துச்சு."

அவள் குரல் இறங்கியது. "இது எங்க அம்மாவோட தையல், டீச்சர். முடிச்சை உள்பக்கம் ஒளிச்சு வைக்கிறது அவங்க பழக்கம். செத்தும் தேன்மொழியைப் போகவிட மாட்டேங்கிறாங்க."

டீச்சர் பேண்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சின்னக் கத்தரியால் இரண்டு காலையும் பிரித்தாள். நூல் கோத்த ஊசியை நீட்டினாள்.

"இங்கேயே உக்காந்து ஓரம் தைங்க. நல்ல வெயில் வெளிச்சம். பேய் வந்தா நான் பாத்துக்கிறேன்."

கற்பகவல்லி உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.

"தங்கச்சி ஊருக்குப் போகத் தயாராயிட்டாளா?" என்றாள் டீச்சர்.

அவ்வளவுதான் கேட்டாள்.

"அவளுக்கு என்ன தெரியும் டீச்சர்? அம்மா போனப்ப கைக்குழந்தை. நான்தான் தூக்கி வளர்த்தேன். கோயம்புத்தூர்ல காலேஜ் சீட் கிடைச்சுது. வேண்டாம்னுட்டேன், இங்கேயே சேர்த்துவிட்டேன். ஸ்கூட்டி கேட்டா. விழுந்து வைப்பான்னு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கூடப் போய் ஏத்திவிடுவேன். நல்ல பையன் ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தான். பெங்களூர்ல வேலையாம். அவ்வளவு தூரத்துல போய் கிடக்கணுமான்னு அனுப்பிட்டேன்."

கண் கலங்கியது.

"இந்த வேலைக்கு மட்டும் எனக்குத் தெரியாம எழுதிப் போட்டுட்டா. அவ இல்லாத வீட்டுல நான் என்ன டீச்சர் பண்ணுவேன்?"

பாசம்தான். அதில் பொட்டுப் பொய் கிடையாது.

வகுப்பில் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மெஷின்கள் நின்றிருந்தன. மற்ற பெண்கள் எல்லோரும் அவள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்தியிருந்தாள்.

கற்பகவல்லி குனிந்தாள்.

ஒரு கால் முழுசாக மூடியிருந்தது. இன்னொன்று பாதி. ஊசி போய்க்கொண்டே இருந்தது, அவளுடைய விரல்களுக்கு நடுவில்.

நிறுத்த நினைத்தாள். கை நிற்கவில்லை. கடைசித் தையலைப் போட்டது. முடிச்சிட்டது. முடிச்சை உள்பக்கம் ஒளித்தது. அதன் பிறகுதான் அது மறுபடி அவள் கையானது.

சட்டென்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். வெறும் சுவர்.

"அம்மாவா டீச்சர்?"

"யாரும் வரலக்கா."

கற்பகவல்லி ஊசியைக் கீழே போட்டாள்.

"எந்திரிங்க. அதைப் போட்டுப் பாருங்க," என்றாள் டீச்சர்.

"இது அவ அளவு."

"எலாஸ்டிக்தானே, ஏறும்."

சேலைக்கு உள்ளேயே பேண்ட்டுக்குள் கால்களை நுழைத்து இடுப்புவரை ஏற்றினாள். பாதங்கள் இரண்டும் பைக்குள் போட்டுக் கட்டியது போல அடியில் முட்டி நின்றன.

"வாசல் வரைக்கும் நடங்க."

ஓர் அடி வைத்தாள். துணி உள்ளங்காலில் வழுக்கி, இடுப்பைக் கீழே இழுத்தது. அடுத்த அடியில் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டாள். வாசல் பக்கத்தில்தான் இருந்தது. வெயிலும் தெருவும் தெரிந்தன. அவளால் போக முடியவில்லை.

"இதைப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷி எப்படி டீச்சர் நடக்கிறது?" என்றாள், அழுகையும் கோபமுமாக.

ஜெய்தூன் தன் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"தேன்மொழிகிட்டக் கேளுங்கக்கா. இத்தனை வருஷமா அவ அதுலதானே நடக்கிறா."