ஒரு கொம்பு, இரண்டு கொம்பு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, செம்பியநல்லூர் நாட்டைத் திருமாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. எந்த ஓலையை நீட்டினாலும் படிக்கமாட்டார். முத்திரையை 'டப்'பென்று குத்திவிட்டு, "அடுத்து?" என்பார். அந்த ஓலைகளை எழுதித் தருகிற தலைமை எழுத்தர் வித்தகராயர். அவருக்கு மந்திரி அழகிய நம்பியைக் கண்டாலே வயிறு எரியும். ராஜா எதற்கெடுத்தாலும் நம்பியைத்தானே கூப்பிடுகிறார்!

ஒரு செவ்வாய்க்கிழமை, காத்தாயி என்கிற பெண் அழுதுகொண்டே சபைக்கு வந்தாள். தாழை ஓலையில் குடை கட்டி விற்கிறவள்.

"சாமி, பன்னிரண்டு வருஷம் குடை கட்டிச் சேர்த்ததைக் குடுத்து ராயர்கிட்ட வீடு வாங்கினேன். ஒழுகின கூரையை மாத்தினேன். கிணறு வெட்டினேன், தண்ணி கல்கண்டா வந்துச்சு. அதைப் பாத்ததும், குடுத்ததைத் திருப்பித் தர்றேன், வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்கிறாரு. வாங்கின வீட்டை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

ராயர் சிரித்தார். "வாங்கினாளாம்! கிரயம் என்று எழுதியிருந்தால் அல்லவா விற்றதாக அர்த்தம்? நான் எழுதியது போக்கியம். தொகை கொடுத்தவர் வாடகையில்லாமல் குடியிருக்கலாம். தொகையைத் திருப்பிக் கொடுத்தால் காலி செய்யவேண்டும். வீடு என்றைக்கும் என்னுடையதுதான்."

"'உனக்குப் பாக்கியம்னு எழுதியிருக்கேன், கையை வை'ன்னுதானே சொன்னீங்க! எனக்கு அதிர்ஷ்டம் அடிச்சுதுன்னு நெனச்சேனே! சாமி, எனக்கு ஓலையைத் தெரியும், எழுத்தைத் தெரியாது."

"பாக்கியத்தின் முன்னால் ஒரு கொம்பு போட்டால் போக்கியம். ஒரு கொம்புதானே வித்தியாசம், மகாராஜா! படிக்காமல் கை வைத்தது இவள் குற்றம்."

ராஜாவுக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. தொடையைத் தட்டிச் சிரித்து, "கை வைத்தால் வைத்ததுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நம்பி மட்டும் சிரிக்கவில்லை. ஓலையை வாங்கிப் பார்த்தார். அடியில், சாட்சி என்ற இடத்தில், அவர் கையெழுத்தே இருந்தது! என்றைக்கோ அவசரத்தில் நின்றவாக்கில் போட்டுக் கொடுத்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. இவளுக்கு எழுத்துத் தெரியாது, படிக்கவில்லை. எழுத்துத் தெரிந்த எனக்கு என்ன கேடு? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பு, கொம்பு என்றே மனசு சுற்றி வந்தது.

மறுநாள் நம்பி ஒரு புது ஓலையோடு சபைக்கு வந்தார். "மகாராஜா, எழுத்தை இப்படி ஆட்டிவைக்கிற ராயருக்கு ஒரு பட்டம் தரவேண்டாமா? எழுத்துலகச் சக்கரவர்த்தி! கூடவே ஒரு தங்கத் தாம்பாளம்!"

"பேஷ், பேஷ்!" என்று ராஜா முத்திரையைக் குத்தினார்.

"ராயரே, உங்களுக்கு ஒரு பாக்கியம் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள்."

முதல் இரண்டு வரியில் தம் புகழைப் படித்ததுமே ராயருக்குத் தலைகால் புரியவில்லை. மீதியைப் பார்ப்பாரா? சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டு, தாம்பாளத்தைக் கட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை விடிந்ததும் ராயர் வீட்டு வாசலில் பட்டத்து யானை வந்து நின்றது. கூடவே இரண்டு பாகர்கள், ஒரு வண்டி தழை. யானை உள்ளே நுழைந்தபோது வாசல் நிலை பெயர்ந்தது. அப்புறம் வாழைத்தோட்டம் அதன் காலை ஆகாரமாயிற்று. ராயர் தலைப்பாகைகூட இல்லாமல் சபைக்கு ஓடிவந்தார்.

"அநியாயம், மகாராஜா! என் வீட்டில் யானை குடிவந்திருக்கிறது!"

நம்பி அந்த ஓலையின் பதினோராவது வரியைப் படித்தார். "'தாம்பாளத்தைப் பெற்றுக்கொண்டு, என் வீட்டையும் தோட்டத்தையும் பட்டத்து யானைக்கு மூன்று வருஷம் போக்கியமாக விட்டேன்.' கையெழுத்து உங்களுடையதுதானே?"

"பாக்கியம் என்றுதானே ஐயா சொன்னீர்!"

சொன்ன பிறகுதான், தம் வாயிலிருந்து என்ன வந்தது என்று ராயருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு கொம்புக்கே காத்தாயிக்கு வீடு போயிற்று. யானைக்கு இரண்டு கொம்பு, ராயரே!" என்றார் நம்பி.

சபையே குலுங்கியது. ராஜாவும் சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். இரண்டு ஓலையிலும் அவர் முத்திரை இருந்தது.

"மந்திரியாரே, நானும் படிக்கவில்லையே."

"நானும்தான், மகாராஜா. அவள் ஓலையில் சாட்சி நான்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "எனக்கு எதற்குப் பரிசு? முதலில் அவள் வீடு" என்று நம்பி ஒதுங்கிக்கொண்டார்.

ராயர் அங்கேயே உட்கார்ந்து, காத்தாயி குடியிருந்த வீட்டை அவளுக்கே கிரயம் எழுதினார். அதன் பிறகுதான் யானை கிளம்பியது. இனிமேல் யார் வீடு வாங்கினாலும், ராயர் கோட்டை வாசலில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு ஓலையை ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்காட்டவேண்டும், அவர் 'புரிஞ்சுது' என்று சொல்கிறவரை ராயர் எழுந்திருக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று.

முதல் ஓலை காத்தாயியுடையது. "வில்லங்கம் ஏதும் இல்லை" என்று படித்தார் ராயர்.

"அப்படின்னா?"

"இந்த வீட்டின் மேல் வேறு யாருக்கும் அடமானமோ வழக்கோ இல்லை என்று அர்த்தம்."

"ஓ, அதுதானா?" என்றார் ராஜா மெதுவாக. இருபது வருஷமாக அதன் மேல் முத்திரை குத்தி வந்தவர் அவர்.

காத்தாயி நம்பியிடம் திரும்பினாள். "அந்தக் கொம்பு எப்படி இருக்கும்? காட்டுங்க சாமி." அவர் காட்டினார். அதற்குப் பிறகு அவள் விரல் ஓலையில் வரிவரியாக ஊர்ந்தது. கொம்பு வந்த இடத்திலெல்லாம் நின்றது.

"இது?"

"தெற்கு. தெற்கு எல்லை."

"இது?"

"மேற்கு."

கடைசி வரியில் விரல் மறுபடி நின்றது. "இங்கயும் ஒண்ணு இருக்கே, சாமி?"

நம்பி குனிந்து பார்த்தார். "அது 'சொந்தம்' என்ற சொல்லில் வருகிற கொம்பு, அம்மா."

காத்தாயி அந்தக் கொம்பை விரலால் ஒரு தரம் தடவினாள். "அது இருக்கட்டும்" என்று சொல்லி, மையில் விரலைத் தொட்டு வைத்தாள்.